அனுமதி வரும்வரை

நான் பிறர் பொருளைக் கேட்காமல் தொடமாட்டேன். அலுவலகக் குளிர்பெட்டியில் பெயர் எழுதாத தயிர் இருந்தாலும் அது யாருடையது என்று விசாரிப்பேன்.

கனடாவின் வின்னிபெக்கில் எங்கள் பயிர்க் காப்பீட்டு நிறுவனத்தின் உள்வலையில் பகிரப்படும் எதற்கும் பதிப்புரிமை பார்ப்பது என் வேலை. வெளியே போகாத வலைதானே, நம் வீடு மாதிரிதானே என்பார்கள். நானூறு பேர் எட்டிப் பார்க்கும் இடம் வீடாகாது. என்னோடு வேலை செய்யும் பெர்னிஸ் ஒருமுறை விவசாயப் பத்திரிகைக் கட்டுரையை முழுதாக ஏற்றினாள். நீக்கிவிட்டு இணைப்பை மட்டும் போட்டேன். அன்றிலிருந்து அவளுக்கு நான் கத்தரிக்கோல்.

தொண்டையில் உணவு அடைத்தால் என்ன செய்வது என்ற விளக்கப்படத்தையும் அவள்தான் ஏற்றினாள். ஒரு பயிற்சி நிறுவனம் விலைக்கு விற்கும் படம். உரிமைக் குறிப்பை வேறு வெட்டியிருந்தாள். வரி வரியாகப் படித்துப் பார்த்து நீக்கினேன். 'அனுமதி கேட்கப்பட்டுள்ளது, பொறுத்திருக்கவும்' என்று அந்த இடத்தில் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்த மதிய விருந்தில், மேலாளர் லாயிட் பெரோகி என்ற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை ஒன்றை மெல்லாமல் விழுங்கினார். முகம் நீலமானதும் எல்லோரும் கணினிக்கு ஓடினார்கள். அது பொறுத்திருக்கச் சொன்னது. ஒருவர் கைபேசியில் காணொளி தேடினார். முதலில் டயர் விளம்பரம் ஓடியது. பெர்னிஸ் லாயிட்டின் முதுகில் தட்டிக்கொண்டே என் பக்கம் திரும்பினாள்.

"நீ அதைப் படிச்சேல்ல மேவிஸ்? என்ன போட்டிருந்துச்சு?"

"சரிபார்க்கத்தான் படிச்சேன். வேற எதுக்கும் பயன்படுத்தக் கூடாது."

"படத்துக்குத்தான் தாயே உரிமை. வயித்தை அமுக்குறதுக்கு யார்கிட்ட கேட்கணும்?"

அது நியாயமான கேள்வி. என் அறைக்குப் போய்ப் பதிப்புரிமைக் கையேட்டைப் புரட்டினேன். பெர்னிஸ் சொன்னது சரிதான்; செய்முறைக்கு உரிமை கிடையாது. தவறை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. அதைச் சொல்லத் திரும்பி வந்தபோது ஆம்புலன்ஸ்காரர்கள் லாயிட்டின் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்கள்.

இந்த விசாரணையில் நீங்கள் கேட்ட இன்னொன்றையும் செய்தது நான்தான். இரங்கல் பக்கத்தில் பெர்னிஸ் போட்ட லாயிட்டின் படம் ஒரு ஸ்டுடியோக்காரர் எடுத்தது. அதையும் நீக்கிவிட்டேன். அந்த அலுவலகத்தில் என் வேலையை மதித்தவர் அவர் ஒருவர்தான். அவருக்காக இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி?