கரை விட்ட கல்யாணப் புடவை

— ராட்டையைக் கொஞ்சம் நிறுத்திட்டுக் கிட்ட வா அங்கம்மா. உனக்கு ஒரு கதை சொல்றேன்.

— மூணு வாரமா ஒரு வார்த்தை பேசாதவ இன்னைக்குக் கதை சொல்ல வந்துட்டியா? இன்னாடி சுகிர்தம், மழைகிழை வரப்போவுதா?

— கிண்டல் பண்ணாம கேளு. ஒரு ஊர்ல ரெண்டு பொம்பளைங்க. ஒரே தறியில ஒக்காந்துக்கினு பட்டுப் புடவை நெஞ்சாங்க. ஒருத்தி உடம்பு நெய்வா. இன்னொருத்தி பக்கத்துல குந்திக்கினு, கரை நூலு சுத்தின நாடாக் கட்டையைத் தள்ளி கரைக்கு நாடா போடுவா.

— கரைக்கு நாடா போடறவ வேதக்காரி. அவளுக்கு வாய் ஓயாது. சரியா?

— நடுவுல பேசாத. அந்த வேதக்காரி ரொம்ப நல்லவ.

— அப்ப இது கட்டுக்கதைதான்.

— கர்த்தர் சாட்சியா, எனக்குக் கோவம் வரவைக்காத! ஈஸ்டருக்கு முன்ன இந்த நாப்பது நாளும் கோவப்பட மாட்டேன்னு பொருத்தனை பண்ணிக்கினு இருக்கேன். இன்னைக்கு ஒரு நாளுதான் பாக்கி.

— என்னைக் கண்டா மூஞ்சியைத் திருப்பிக்கினு போனியே, அது இன்னாவாம்?

— அது கோவம் இல்ல. மௌனம்.

— ஓ! எனக்கு வித்தியாசம் தெரியாமப் போச்சே.

— கதையை விடு, நேராவே சொல்லிடறேன். நேத்து உபதேசியார் ஊட்டுக்கு வந்தாரு. நாளைக்கு எம் பொண்ணு ஜெபமணி மொத மொதல்ல கோயில்ல திருவிருந்து அப்பமும் திராட்ச ரசமும் வாங்கப்போறா. பக்கத்துல நானும் மண்டி போடணும். "யார்கூடனா மனஸ்தாபம் இருந்தா முன்ன அதைத் தீத்துக்கினு வாம்மா. இல்லாங்காட்டி நீ பெஞ்சுலயே ஒக்காந்துக்க"ன்னுட்டாரு. பொண்ணு என் மூஞ்சியவே பாக்குறா.

— அடப் பாவமே. உனக்கு யார் மேல மனஸ்தாபம்?

— உம்மேலதான்!

— தோ, இப்ப வந்த பாரு வழிக்கு. நான் இன்னா பண்ணேன்?

— அந்த அரக்குக் கல்யாணப் புடவை ஞாபகம் இருக்குதா? நாடா தள்ற ஒவ்வொரு வாட்டியும் ஒரு பேரு சொல்லி நான் ஜெபம் பண்றது உனக்குத் தெரியும். கை வேலை செய்யட்டும், வாய் யாருக்குனா வேண்டிக்கட்டும்னு போதகர் சம்சாரம் சொல்லிக் குடுத்தது. அன்னைக்கு ஜெபத்துல அப்படியே கண்ண மூடிட்டேன். ஒரு விரக்கடைக்குக் கரை விட்டுப்போச்சு. சாயங்காலமே நீ மொதலாளி ஊட்டுப் படி ஏறினியா இல்லியா?

— ஏறினேன்.

— போட்டுக் குடுத்துட்ட! அவகூட ஒக்கார மாட்டேன்னு சொல்லிட்டு, மறுநாளே தறியை விட்டு ராட்டை சுத்த வந்துட்ட. உன் எடத்துல கிருஷ்ணம்மா வந்து குந்தறா. பாத்தியா, நீ கோள் சொல்லியும் கர்த்தர் என்னை எடத்த விட்டு எழுப்பல.

— ஆமாமா. நல்லவருதான் அவரு.

— சிரிக்கிறியா?

— இல்லடி, தும்மல். மேல சொல்லு.

— அதனால... அங்கம்மா, நான் உன்னை மன்னிச்சிட்டேன். மனசார.

— சரி.

— சரியா? அவ்ளோதானா? முட்டி தேய ஜெபம் பண்ணி, மூணு நாளு பட்டினி கெடந்து கொண்டாந்திருக்கேன்!

— பட்டினியா? அதான் கண்ணு உள்ள போயிட்டுது. தூக்குல கூழு இருக்குது, மோரு ஊத்தி வெச்சிருக்கேன். குடி.

— நாளைக்குக் கோயிலுக்குப் போயிட்டு வந்துதான்.

— இன்னாம்மா, ரெண்டு பேரும் மாநாடு போட்டுக்கினு? ஜல்தியா நூல் வேணும் எனக்கு!

— தோ ஆச்சு மொதலாளி அண்ணா. இந்தக் கண்டு முடிஞ்சுது.

— பேஜாரு. சுகிர்தம், நீயே சொல்லு. இந்த அங்கம்மா தறியில ஒக்கார வேண்டிய கைகாரி. எப்படி ஒக்கார வெக்கறது? கல்யாணப் புடவையில கரை விட்டதுக்கு, "எந் தப்புதான் முனிரத்தினம் அண்ணா, சுகிர்தம் மேல ஒண்ணும் இல்ல"ன்னு அவளே வந்து நிக்கறா. பொண்ணு ஊட்டுக்காரங்க என்னைப் பேசின பேச்சு எனக்குல்ல தெரியும்.

— மொதலாளி... இன்னா சொன்னீங்க?

— அண்ணா, நீங்க போங்க. நூல் நான் கொண்டாறேன்.

— நீ சும்மா இரு அங்கம்மா! மொதலாளி, கண்ண மூடினது நானு. நாடாவை விட்டது நானு. இவளைத் தறிக்கு அனுப்புங்க. ராட்டைக்கு நான் வரேன்.

— அட ராமா! தப்பு பண்ணவங்களைத் தேடித் தேடி அலைஞ்சிருக்கேன். போட்டி போட்டுக்கினு வந்து ஒத்துக்கறவங்களை இன்னைக்குத்தான் பாக்கறேன். திங்கக்கெழமை ரெண்டு பேரும் பழைய தறியிலயே ஒக்காருங்க. சாமி கும்பிடு, நான் வேணாங்கல. கண்ண மட்டும் தொறந்து வெச்சுக்க தாயே! நான் வரேன்.

— அங்கம்மா.

— இன்னா?

— உன்னைப் போயி மன்னிக்க வந்தேனே நானு.

— ஜோராதான் மன்னிச்ச. கொறை ஒண்ணும் இல்ல.

— ஏன்டி எனக்காகப் பொய் சொன்ன?

— பொய் இல்லடி. உன் கை நின்னுபோனதை நான் பாத்துக்கினேதான் இருந்தேன். ஒரு சத்தம் குடுத்திருந்தா கரை தப்பிச்சிருக்கும். நான் குடுக்கல.

— ஏன் குடுக்கல?

— அன்னைக்கு எம் பொண்ணு குமுதவல்லி மாகறல் ஊர்ல ரெண்டு நாளா இடுப்பு வலியில துடிச்சுக்கினு கெடந்தா. நாடாவுக்கு ஒரு பேரு சொல்றவ, அன்னைக்கு அவ பேரையே திரும்பத் திரும்ப சொல்லிக்கினு இருந்த. கரை போனாப் போவுது, இவ வாய் மட்டும் நிக்கக் கூடாதுன்னு நானும் தறியை மிதிச்சுக்கினே இருந்துட்டேன்.

— கர்த்தாவே! மூணு வாரம்... அவ எப்படி இருக்கான்னு ஒரு வார்த்தை நான் கேக்கலியே. என்னை மன்னிப்பியா அங்கம்மா?

— அதுக்கும் மூணு நாளு பட்டினி கெடக்கணுமா இன்னா? பேத்தி பொறந்திருக்குது. தாயும் புள்ளையும் சௌக்கியம். உங்கிட்ட சொல்லணும்னு அன்னையில இருந்து வாய்ல வெச்சுக்கினு இருக்கேன். நாளைக்குப் பொண்ணு பக்கத்துல போய் மண்டி போடு. அங்க கரை ஒண்ணும் விடாது, கண்ண நல்லா மூடிக்க. உன் ஊட்டுல சோறும் சிரிப்பும் கொறையாம, எல்லாரும் நல்லா இருக்கணும்டி.