கையில் போத்தலோடு ஒரு படம்

பத்து காஜாவிலிருந்து ஈப்போ போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"செத்த மனுசனப் பத்தி எழுதிட்டு, கையில போத்தலோட இருக்கற படத்தையா போடுவாங்க?" என்று இளையவள் பேப்பரை உதறினாள்.

"உன் வீட்டுக்காரரு டிவி நாடகத்துல குடிகாரனாத்தானே நடிச்சாரு. அந்தப் படந்தான் கிடைச்சிருக்கும்லா."

"என்னையக் கேட்டிருந்தா நல்ல படம் கொடுத்திருப்பேனே! ஒரு சொட்டு தொட்டதில்லக்கா அவரு. இதப் பாத்துட்டு லகாட்லேருந்து ரசிகரு ஒருத்தரு, கருமாதிப் படையலுக்கு பீர் வாங்கிட்டு வந்து நிக்கிறாரு!"

"ஐயோ! என்ன செஞ்ச?"

"திருப்பிக் கொடுத்துட்டு, பால் போடாத தேத்தண்ணி, தே-ஓ கலக்கிப் படையல்ல வச்சேன். நாடகத்துல அந்தப் போத்தல்ல இருந்தது நான் ஊத்திக் கொடுத்த தே-ஓதான்க்கா. அத பேப்பர்ல எழுத வைக்காம இன்னிக்கு ஈப்போவுல அந்த பேப்பர் ஆபீச விட்டு நகர மாட்டேன்."