மடிச்சுக் கொடுத்த தாள்

இல்ல இன்ஸ்பெக்டர் சார், ஆக்சிடென்ட் ரிப்போர்ட்ல அப்படி எழுதாதீங்க. அவசரம், கவனக்குறைவு... செத்தவர் எழுந்து வந்து மறுக்கப்போறதில்லதான். ஆனா அக்கா அதைப் படிப்பா சார். அவளைக் கட்டின இந்த ஆறு வருஷத்துல எங்க மாமா ஹாரன் அடிச்சே நான் கேட்டதில்ல. ஆபீஸ்ல அவருக்குப் பேரே ஆமை. ஏறிக்கோங்க, இறக்கி விடறேன்னு இவர் சொன்னா, வேணாம்ப்பா, சீக்கிரம் போகணும், நடந்தே போறோம்பாங்களாம். சிரிச்சுக்கிட்டேதான் எங்ககிட்ட சொல்வார். உள்ளுக்குள்ள உறுத்தியிருக்கு. அதான் காரை எங்க கடைக்கு டியூன் பண்ண, எஞ்சின் பலத்தைக் கூட்டக் கொண்டு வந்தார்.

அந்த ஸ்டூல் ஆடும் சார், இதுல உக்காருங்க. தரையில உருளை தெரியுதா? வண்டியை அது மேல ஏத்தி, பெல்ட் போட்டுக் கட்டி ஓட்டுவோம். சக்கரம் சுத்தும், வண்டி நகராது. எஞ்சின் பலத்தோட கிராஃப் இந்த பிரிண்டர்ல வரும். அதை எடுத்துக் கொடுக்கறது என் வேலை.

ஹார்ஸ்பவர் கூடினா ஈஸியா முந்தலாமேன்னுதானே கேக்கறீங்க? எல்லாரும் அதான் நெனைக்கறாங்க. டயர் நட்டு இறுகிக் கெடந்தா ஸ்பேனர் மேல ஏறி நிக்கறோம் இல்லையா? அந்தத் திருப்பற பலம்தான் டார்க். அந்த பலத்தோட நிமிஷத்துக்கு எஞ்சின் எத்தனை சுத்து சுத்துதுன்னு சேர்த்துப் பெருக்கினா ஹார்ஸ்பவர். மாமா வண்டியில எங்க கடை ஓனர் பெரிய டர்போ மாட்டினார். எஞ்சினுக்குள்ள காத்தைத் திணிக்கற சாமான். பெருசுங்கறதால அது வேகம் பிடிக்கவே நேரமாகும். ஆறாயிரம் சுத்துல நூத்தித் தொண்ணூறு குதிரை. முன்னாடி நூத்திருபதுதான். ஆனா ரெண்டாயிரத்துல மிதிச்சா? பழசைவிட பலம் கம்மி. எஞ்சின் சும்மா முனகும்.

கீழ் கியர் போட்டு எஞ்சின் சுத்தை ஏத்தியிருக்கலாம், வாஸ்தவம். ஆனா ஆக்சிடென்ட் ஆன அதே மேட்டுல ஆறு வருஷமா நாலாவது கியர்லயே இழுத்த வண்டி. முன்னாடி ஜல்லி லாரி, எதிர்ல தூரத்துல பஸ். பழைய வண்டின்னா தாண்டியிருக்கும். அந்தக் கணக்குலதான் மாமா வலது பக்கம் எடுத்திருக்கார். மிதிச்சிருக்கார், பஸ் நெருங்குது, வேகம் வரல.

அது என்ன சார், ஃபைல்ல? வண்டிக்குள்ள கெடந்த தாளா? குடுங்க.

மடிப்பு கலையவே இல்ல. பிரிச்சே பாக்கல மனுஷன். மேல நூத்தித் தொண்ணூறு மட்டும் தெரியுது பாருங்க. இப்போ பிரிங்க. ரெண்டாயிரத்துக்கிட்ட ஒரு கோடு பள்ளமா இறங்குதே, அதான் டார்க். எங்க கடையில இப்படித்தான் மடிச்சுக் கொடுக்கணும். நம்பர் வெளிய, பள்ளம் உள்ள. ஓனர் பழக்கினது.

எழுதிக்கோங்க. வேலை போனா போகட்டும். மடிச்சது நான். பள்ளத்தைப் பாத்துட்டுத்தான் மடிச்சேன். இனிமே யாருடா ஆமைன்னு அந்த நம்பரைக் காட்டிக் கொழந்தை மாதிரி சிரிச்சார். நான் கார் சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

ஒண்ணுமே சொல்லாம அனுப்பல சார். மனசு கேக்காம வாசல் வரைக்கும் போய், மெதுவாவே போங்க மாமா, கீழ் கியர் போட்டு எஞ்சினை விரட்டாதீங்கன்னேன்.

சொன்ன பேச்சைக் கேப்பார் சார் எங்க மாமா.