வாள் பிடித்தவன் முகம்

ஃபேன் உங்கள் பக்கமே இருக்கட்டும், இன்ஸ்பெக்டர் ஐயா. சூளையிலேயே கிடந்தவனுக்குப் புழுக்கம் ஒரு பொருட்டில்லை.

பச்சமுத்து நல்ல கைக்காரன். எங்கள் ஊர்க்காரனும்கூட. விருத்தாசலத்தில் பீங்கான் ஓட்டில் படம் எழுத அவனை விட்டால் ஆள் கிடையாது. ஆதாமையும் ஏவாளையும் தோட்டத்தை விட்டு வானதூதன் வாளோடு துரத்துகிற படம் வேண்டும் என்று மாதா கோயில் பாதிரியார் கேட்டிருந்தார். மாதிரிக்கு வெள்ளைக்கார நாட்டுப் பழைய படம் ஒன்றை அட்டையில் கொடுத்திருந்தார்.

சுடுவதற்கு முன்னால் அந்த வண்ணமெல்லாம் சாம்பல் பூசினாற்போல்தான் இருக்கும். எது மூக்கு, எது நிழல் என்று எழுதியவனுக்குத்தான் தெரியும். சூளை மேஸ்திரியான எனக்கே தெரியாது.

மண் மிதிக்கிற காசியம்மாள்தான் சொன்னாள்.

"மேஸ்திரி, படத்துல ஒங்க மொகத்தப் போட்டிருக்கானாம். வாளப் புடிச்சிக்கினு நிக்கிறது நீங்கதான். வூட்ட விட்டுத் தொரத்துறது ஒங்களுக்கு என்ன புதுசா?"

கொட்டகையே சிரித்தது.

அறுபத்தாறில், கம்மாபுரம் பக்கம் எங்கள் ஊரை நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுத்தபோது, ஜனங்களைப் பேசிக் கிளப்பியது நான்தான். யாராவது செய்யவேண்டிய வேலை. என் தாய்மாமன் காத்தவராயன் வரமாட்டேன் என்று உள்ளேயே உட்கார்ந்துகொண்டார். கூரையைப் பிரித்தேன். அவர்மேல் ஒரு கீற்றுகூட விழாமல்தான் பிரித்தேன். என் வீடும் அதே வாரம் போனது. அதை யாரும் பேசுவதில்லை.

அந்த ஜனங்களில் பலர் ஞாயிற்றுக்கிழமை போகிறது அந்த மாதா கோயிலுக்குத்தான். சுட்ட ஓடு மழைக்கும் வெயிலுக்கும் மங்காது. என் பேரன் காலத்திலும் நான் வாளோடு நிற்பேன். பச்சமுத்துவிடம் மரியாதையாகத்தான் கேட்டேன், முகத்தை மாற்று என்று. அவன் சிரித்தான்.

"வெந்து வரட்டுங்க, மேஸ்திரி. பாத்துட்டு நீங்களே வேணாம்னா ஒடச்சிடுறேன்."

நானே ஓட்டை உடைத்திருக்கலாமே என்கிறீர்கள். மறுபடி எழுதுவான். கை இருக்கிறதே.

தீயை அணைத்துச் சூளை ஆறிக்கொண்டிருந்தது. அடைத்த வாசலைச் சீக்கிரத்தில் தொடக்கூடாது. அவனோ பொறுக்கமாட்டாமல் சுற்றிச் சுற்றி வந்தான். மத்தியானம் எல்லோரும் சோற்றுக்குப் போனதும், ஆள் நுழைகிற அளவுக்குச் செங்கல்லை எடுத்துக்கொடுத்தேன்.

"சூடு போயிடுச்சுங்களா?"

"போயிடுச்சு. ஈரச் சாக்கப் போத்திக்கினு போ. பாத்துட்டு வா."

அவன் உள்ளே போனதும் செங்கல்லைத் திரும்ப அடுக்கி மண் பூசினேன். உள்ளேயிருந்து பூச முடியாதே என்று நீங்கள் கேட்டது சரிதான். மண் ஈரமாக இருந்ததால் முதுகைக் கொடுத்துச் சாய்ந்து உட்கார்ந்தேன். சூளைச் சுவர் கனம், சத்தம் வெளியே வராது என்பார்கள். வரும். கொஞ்ச நேரம் வரும்.

அவனை எடுத்த பிறகு ஓடுகளையும் எடுத்து வரிசையாக வைத்தார்கள். வானதூதனுக்கு அட்டையில் இருந்த வெள்ளைக்கார முகமேதான். ஆதாமைப் பார்த்துவிட்டுக் காசியம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். படத்தில் ஆதாம் வாயைத் திறந்து அழுதுகொண்டே போகிறான். புருவத்தில் ஒரு தழும்பு, இதோ, எனக்கு இருக்கிற இடத்தில்.

அது நான் இல்லை, ஐயா. தழும்பு யாருக்கும் இருக்கும். ஊரைக் காலி செய்த அன்றைக்கு அழாதவன் நான் ஒருவன்தான்.