ஜெயம்மாவுக்குப் போட்ட இலை

— செருப்ப வெளியவே வுட்டுட்டேன். உள்ள வரலாமா, கூடாதா?

— அட, வாங்க பச்சையப்பன் நைனா. சர்ச்சுக்குள்ள யாரு வேணா வரலாம். ஒக்காருங்க.

— ஒக்கார வரல பாஸ்டரே. கும்புடவும் வரல, அத்த மொதல்லயே சொல்லிட்றேன். ஒன்னு கேக்கணும். பதில் சொன்னா போய்க்கினே இருப்பேன்.

— கேளுங்க.

— எம் பொண்டாட்டி ஜெயம்மா இப்ப எங்க கீறா? இன்னா முழிக்கிற? நீதான பொதச்ச. உனுக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?

— ஒடம்பத்தான் நைனா நான் பொதச்சேன். ஆத்துமா கர்த்தர்கிட்ட போயிடுச்சி.

— எப்ப?

— கண்ண மூடின அப்பவே.

— பாத்தியா! பின்னாடித் தெருவுல சபை நடத்துறாரே எழிலரசன், அவரு இன்னாடான்னா, கடைசி நாள்ல எக்காளம் ஊதுற வரிக்கும் தூங்கிக்கினே இருப்பான்றாரு.

— அவங்க சபையில அப்படிப் போதிக்கிறாங்க...

— இரு, முடிக்கல. சித்தூர்ல மாதா கோயில் ஃபாதரு கீறாரே, அவரு நடுவுல ஒரு எடம் கீதுன்றாரு. அங்க சுத்தமாயிட்டுத்தான் மேல போவணுமாம். ஒரே புக்க வெச்சிகினு மூணு பேரு... ஒரு பொம்பளைய மூணு எடத்துல வெச்சா நான் எங்கன்னு போயி தேடுறது?

— பாகாலாவுலருந்து சித்தூர் வரைக்குமா போனீங்க?

— பஸ் ஓடுது, போனேன். ஒருத்தன் பேச்ச மட்டும் நான் நம்புறதில்ல. நாலு எடத்துல கேட்டா எவனாச்சும் ஒளறுவான்.

— எதுக்கு நைனா இந்த அலைச்சல்?

— நேத்து கருமாதி. அவ உங்க ஆளு, செய்யக் கூடாதுன்னுவீங்க. செஞ்சேன். மொட்ட மாடியில எலை போட்டு, கருவாட்டுக் கொழம்பு வெச்சேன். அவளுக்கு உசுரு அது. "வாடி ஜெயம்மா, வந்து துன்னு"ன்னு கூப்ட்டேன்.

— சரி...

— காக்கா துன்னுச்சி. அதான் கேக்கறேன். மேல சொகமா இருந்தவள நான் கூப்ட்டு எறக்கிட்டேனா? திரும்பிப் போனா உள்ள வுடுவாங்களா?

— அப்படியெல்லாம் இல்ல நைனா. நீங்க எவ்ளோ கூப்ட்டாலும் அவங்க வர முடியாது.

— நல்லாக் கத்திக் கூப்ட்டாலும்?

— கூப்ட்டாலும். காக்காவுக்குப் பசி. வந்துச்சி, தின்னுச்சி. அவ்ளோதான்.

— கொழம்புல உப்பு பத்தாததுக்கும் இதுக்கும்...

— சம்பந்தமே இல்ல.

— கட்டிக்கினவன் மேல கோவம் கீவம் இருந்தா?

— அந்த எடத்துல கோவம் கெடையாது நைனா.

— அப்ப வர்றதும் வராததும் அவ கையில இல்லன்ற.

— இல்லவே இல்ல.

— உங்க பைபிள்ல கீதா, நீயா சொல்றியா?

— இருக்கு. படிச்சுக் காட்டட்டுமா?

— வேணாம். எனுக்குப் படிக்கத் தெரியாது, நீ இன்னா வேணா படிப்ப. என் மூஞ்சப் பாத்துச் சொல்லு.

— பாத்துதான் சொல்றேன். வரணும்னு அவங்க ஆசப்பட்டாலும் வர முடியாது.

— ஆசப்படுவாளா?

— நைனா... கடைசியா வந்தப்ப எங்கிட்ட ஒன்னு கேட்டாங்க. "எங்க வீட்டுக்காரரு செத்தா எங்க போவாரு பாஸ்டரே"ன்னு.

— நீ இன்னா சொன்ன?

— தெரியலம்மான்னு சொல்லிட்டேன். சபையில யாருக்கும் இது தெரியாது. பாஸ்டரு இப்படிச் சொல்லலாமான்னு கேப்பாங்க.

— இன்னிக்கி நான் பாத்தவனுங்கள்ல நீ ஒருத்தன்தான் தெரியலன்னு சொன்னவன். அவ இன்னா சொன்னா?

— "அப்ப நான் உள்ள போவாம வாசல்லயே நிப்பேன். அந்தாளு தனியா வந்தா வழி தெரியாம யார்கிட்டயாச்சும் சண்ட வலிப்பாரு"ன்னாங்க. நைனா? அழாதீங்க. காக்கா தின்னத மனசுல வெச்சிக்காதீங்க.

— துன்னல பாஸ்டரே.

— என்னது?

— ஒரு காக்காவும் வரல. பொழுது சாயற வரிக்கும் கூப்ட்டுக்கினே ஒக்காந்திருந்தேன். எம்மேல கோவிச்சிகினு போய்ட்டான்னு நெனச்சேன்... பசங்க கேட்டதுக்கு, துன்னுட்டுச்சின்னு பொய் சொல்லிட்டேன். அவ எலைய நான்தான் வழிச்சித் துன்னேன்.