சாரத்தைப் பிரித்தவர்

"ஹலோ... ஆமாண்ணா, நான்தான். ஏன் குரல் இப்படிக் கம்மியிருக்கு?... வாந்தியா? எப்பலேர்ந்து?... காலையிலேர்ந்தா! இப்பதான் சொல்றியா?"

தங்கை ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடித் தட்டில் எலியின் இதயச் செல்கள் அவை பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தன. அண்ணன் கொத்தனார். இதயம் பலவீனமாகி வேலையை விட்டவர், தனிக்கட்டை. எதையாவது கெட்டுப்போனதைத் தின்று வைத்திருப்பார் என்றுதான் முதலில் நினைத்தாள்.

"என்ன சாப்பிட்ட?... ம்... ம்... மாத்திரையா? எந்த மாத்திரை?... கால் கட்டைவிரல் வீக்கத்துக்குக் கொடுத்ததா? சரி, எத்தனை போட்ட?... அண்ணா, விளையாடாத. அட்டை முழுசுமா?"

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"யாரு சொன்னா?... நானா? நான் எப்போ... ஆமா. ஆமா, சொன்னேன். செல்லுக்குள்ள, நீ கட்டடத்துல கட்டுற சாரம் மாதிரி ஒண்ணு இருக்கு, சீக்கு வந்த இதயத்துல அது விறைச்சுப்போய், செல் சுருங்க விடாம முட்டுக்கட்டை போடுதுன்னு சொன்னேன். மருந்து விட்டா சாரம் கரையுது, செல் நல்லாத் துடிக்குதுன்னும் சொன்னேன். உன் கால் மாத்திரையில இருக்கிற அதே மருந்துதான்னு சிரிச்சுக்கிட்டு வேற சொன்னேன், பாவி... அது தட்டுல இருக்கிற செல்லுக்குண்ணா! துளியூண்டு!... என்னது?... கட்டடம் முடிஞ்சா சாரத்தைப் பிரிச்சுடணுமா? ஐயோ, இது பூச்சுவேலைக்குக் கட்டுற சாரம் இல்லண்ணா. இதைப் பிரிச்சா கட்டடமே நிக்காது. குடலு, ரத்தம், எல்லாம் இதை வச்சுத்தான் பொழைக்குது... இல்ல, திட்டல. திட்டலண்ணா. அழாத."

பேசிக்கொண்டே மறுகையால் மேசைத் தொலைபேசியில் ஆம்புலன்ஸை அழைத்து, அண்ணன் வீட்டு முகவரியை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள்.

"கேளு. வண்டி வருது. நெஞ்சு எப்படியிருக்கு?... படபடன்னா?... படுக்காத! முதல்ல போய்க் கதவைத் திற... முடியலயா? சுவத்தைப் பிடிச்சுக்கிட்டே போ. நீ கட்டாத சுவரா?... ஆங்... ஆங்... திறந்துட்டியா? என் ராசா! இப்ப எதிர்வீட்டு டிரைவரைக் கூப்பிடு. இன்னும் சத்தமா... என்ன சத்தம் அது? அண்ணா? அண்ணா!"

அவள் தன் சட்டைக் கழுத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

"யாரு... டிரைவரா? நான் தங்கச்சி பேசறேன். விழுந்துட்டாரா? மூச்சு இருக்கா?... இருக்கா! ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. ஆம்புலன்ஸ் வந்துக்கிட்டிருக்கு. அங்க மாத்திரை அட்டை கிடக்கும், அதை அவங்க கையில கொடுத்துடுங்க, மறந்துடாதீங்க... சரி, சரி, நீங்க பதறாதீங்க. அவர் மணிக்கட்டுல விரலை வைங்க. கட்டைவிரல் பக்கமா... தெரியுதா? ஒவ்வொரு துடிப்புக்கும் போனை நகத்தால தட்டுங்க... ஒண்ணும் பேச வேணாம். தட்டுங்க, போதும்."

டொக். டொக், டொக். டொக்.

துடிப்பை எண்ணுவதுதான் அவள் பிழைப்பு. எத்தனையோ கண்ணாடித் தட்டுகளில் எண்ணியிருக்கிறாள். இரண்டு துடிப்புக்கு நடுவில் இருக்கும் இடைவெளி இத்தனை பயங்கரமானது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஆமா... ஆமா... கேக்குது... தாறுமாறா இருக்கு, இருக்கட்டும், பரவாயில்ல... ஆமா... அப்படித்தான்... அண்ணா, விட்டுடாத, ஆமா... ஏன் நிறுத்திட்டீங்க? டிரைவர்? தட்டுங்க!... விரல் நழுவிடுச்சா? இல்ல வண்டி வந்துடுச்சா? ஏதாவது சொல்லுங்க... ஹலோ? ஹலோ!"

இணைப்பு அறுந்துவிட்டது. அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. இடது கை நகத்தால் மேசையை டொக், டொக் என்று தட்டத் தொடங்கினாள். தான் நிறுத்தினால் அங்கேயும் நின்றுவிடும் என்று பயந்து, தட்டிக்கொண்டே இருந்தாள்.