ஐம்பத்தெட்டு நாள் நீலம்

என் கண்ணில் ஒரு குறையும் கிடையாது. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. முப்பத்திரண்டு வயதாகிறது, இன்றைக்கும் மங்கிய வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோத்துவிடுவேன். பெயர் தனக்கோடி. தகப்பனார் விருத்தகிரி. விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிக்குப் பின்னால் உள்ள தொழிலாளர் வரிசையில் மூன்றாவது வீடு. அம்மா என் பன்னிரண்டாம் வயதிலேயே போய்விட்டாள்.

அப்பா சூளை மேஸ்திரி. கப்பும் சாசரும் வேகும்போது நெருப்பை எப்போது கூட்டுவது, எப்போது நிறுத்துவது என்று சொல்கிறவர். அதற்குக் கம்பெனியில் ஒரு கருவி இருந்தது, அதை அவர் மதித்ததே இல்லை. சூளைச் சுவரில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். அதைக் கண் என்பார்கள். அதன் வழியாக உள்ளே பார்த்துத் தீயின் நிறத்தை வைத்தே பக்குவம் சொல்லிவிடுவார். நெருப்பு வைத்த சூளையின் கண்ணில் பெண்பிள்ளை பார்க்கக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு. பார்த்தால் சரக்கு மொத்தமும் வெடித்துவிடுமாம். சூளைக்குப் படைத்த சுண்டலை மட்டும் பெண்கள் வாங்கித் தின்னலாம்.

சர்க்கரை வியாதியால் அவர் பார்வை மங்கியது அறுபத்தாறாம் வருஷம். வெளியே சொன்னால் வேலை போய்விடும். பூச்சு உருகிவிட்டதா என்று பார்ப்பதற்காகச் சூளைக்குள் சின்னச் சின்ன மண் வளையங்கள் வைத்திருப்பார்கள். கம்பியால் ஒன்றை வெளியே எடுத்து, ஆறியதும் துண்டில் முடிந்துகொண்டு, சாப்பிடுகிற சாக்கில் வீட்டுக்கு வருவார். நான் ஜன்னலோரம் பிடித்துப் பார்த்து, இன்னும் ஒரு மணி நேரம் என்றோ, போதும் என்றோ சொல்வேன். அவர் போய் அதையே அங்கே சொல்வார். ஆறு வருஷம் அந்தக் கம்பெனியில் வெந்த ஒவ்வொரு கோப்பையும் என் வார்த்தையில் வெந்தது. நல்லூரிலிருந்தும் திட்டக்குடியிலிருந்தும் என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். ஜாதகம் பொருந்தவில்லை என்று இரண்டு பேரையும் திருப்பி அனுப்பினார். ஜாதகங்களை நானும் பார்த்தேன், நன்றாகவே பொருந்தியிருந்தன. ஆத்திரமாக வந்தது. ஆனாலும் அவருக்கு வேளாவேளைக்குச் சோறு போட்டேன்.

எழுபத்திரண்டு ஐப்பசியில் சூளையடியில் சூடான ஓட்டுத் துண்டு ஒன்றை மிதித்துவிட்டார். மிதித்ததே அவருக்குத் தெரியவில்லை. அந்த வியாதிக்காரர்களுக்குக் காலில் உணர்ச்சி செத்துப்போகும். நாலாம் நாள் நாற்றம் வந்த பிறகுதான் பார்த்தோம். டாக்டர் சக்கரபாணி கட்டைவிரலையும் அடுத்த விரலையும் எடுத்தார். நன்றாகத்தான் எடுத்தார், அவர் மேல் குற்றம் எதுவும் கிடையாது. ஆபரேஷனைவிட அதற்குப் பிறகுதான் ஜாக்கிரதை வேண்டும் என்றார். சர்க்கரை ஏறினால் புண் மூடாது, சீழ் வைக்கும், அழுகல் மேலே ஏறும். அதனால் தினமும் காலையில் சோதனை. கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்கவைக்க வேண்டும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று மாறிச் செங்கல் சிவப்புக்கு வந்தால் ஆபத்து. அதை நோட்டில் எழுதிக் காட்டினால் அதை வைத்து இன்சுலின் அளவு சொல்வார். சோதனைக்கு நர்ஸை அனுப்புவதாகச் சொன்னார். நிறம் பார்க்க என் வீட்டுக்கு வெளியாள் வருவதா என்று அப்பா மறுத்துவிட்டார். அவருக்கு அது மானப் பிரச்சினை.

இதற்கிடையில் அவர் இல்லாமல் எரித்த சூளை ஒன்று பாழாய்ப் போனது. தட்டெல்லாம் அப்பளம் மாதிரி வளைந்திருந்தன. அடுத்த சூளைக்கு மேனேஜர் கோவிந்தராசு வளையத்தை வீட்டுக்கே எடுத்துக்கொண்டு வந்தார். அப்பா கட்டிலில் கிடந்தபடி வாங்கி, பழக்கதோஷத்தில் என்னிடம் நீட்டிவிட்டார். நான் சொன்னேன், அவர் திருப்பிச் சொன்னார். மேனேஜர் முட்டாள் இல்லை. மறுநாள் என்னையே சூளைக்கு வரச் சொன்னார். மேஸ்திரி எழுந்து வரும்வரைக்கும் என்றார். அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட்டார்.

முதல் தடவை அந்தக் கண்ணில் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளே அடுக்கடுக்காகக் கோப்பைகள் பழுத்த எலுமிச்சை நிறத்தில் நின்றன. இவ்வளவு பெரிய காட்சியை ஆறு வருஷமாக ஒரு வளையத்தில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஏழு சூளை எரித்தேன், ஒரு சாசர்கூட வெடிக்கவில்லை. அங்கிருந்த ஆண்கள் முதலில் கேலியாக என்னை மேஸ்திரியம்மா என்றார்கள். பிறகு கேலியில்லாமலே அப்படிக் கூப்பிட்டார்கள்.

மார்கழிக் கடைசியில் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்து, புண் நன்றாக மூடி வருகிறது, தை முடிவதற்குள் வேலைக்குப் போகலாம் என்றார். அன்று சாயங்காலம் அப்பா ரொம்பச் சந்தோஷமாக இருந்தார்.

“நான் எழுந்துட்டா நீ வூட்டோட இருந்துடு தனம். வளையத்த எப்பவும்போல நானே கொண்டாந்து காட்டறேன்” என்றார்.

“சரிப்பா” என்றேன்.

அடுத்து வந்த பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் காலை குழாய் ஆரஞ்சுக்கு வந்தது. என்ன நிறம் என்று கட்டிலிலிருந்து கேட்டார். நீலம் என்றேன். அப்படியென்றால் மிச்சம் இருக்கிற பொங்கலையும் கொடு என்றார்.

அதன் பிறகு தினமும் அவர் கேட்பார், நான் நீலம் என்பேன், நோட்டிலும் நீலம் என்றே எழுதுவேன். டாக்டர் நோட்டைப் பார்த்து ஊசி மருந்தை நாற்பதிலிருந்து இருபதாக்கினார், இருபதிலிருந்து எட்டாக்கினார். வாரம் ஒருமுறை அவரும் சோதிப்பதற்குப் பாட்டிலில் கொண்டுபோக வேண்டும். என்னுடையதைக் கொண்டுபோனேன். எனக்குச் சர்க்கரை கிடையாது.

புண் வாய் பிளந்தது, ஓரம் கறுத்தது. தினமும் நான்தான் கழுவிக் கட்டினேன். கொதித்த தண்ணீர், வெளுத்த துணி, அதில் ஒரு வேளைகூட நான் குறை வைத்ததில்லை. வலிக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் கேட்பேன். வலியே இல்லை என்பார். அவருக்கு நான் வலி கொடுக்கவில்லை என்பதை நீங்கள் மறந்துவிடக் கூடாது. சர்க்கரை இல்லாத உடம்பில் புண் ஏன் ஆறவில்லை என்று டாக்டர்தான் தலையைப் பிய்த்துக்கொண்டார். மாசியில் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. அன்றைக்குச் சூளையில் தீ இருந்ததால் காலையில் பாட்டிலைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

அத்தோடு நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன். காலில்லாத ஆள் சூளைக்கு வர முடியாது. ஆனால் டாக்டர் அவரைத் தேற்றுவதற்காக, புண் ஆறியதும் கட்டைக்கால் பொருத்தலாம், உட்கார்ந்தபடி மேஸ்திரி வேலை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். அதனால் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களிலும் வீடு திரும்பிய பிறகும் சோதனையை நானே செய்தேன், நீலம் தொடர்ந்தது.

ஐம்பத்தெட்டாம் நாள் காலையிலும் நீலம் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். மத்தியானம் ஜுரத்தில் பிதற்றுகிறார் என்று ஆள் வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரே ரப்பர் குழாய் வைத்துச் சிறுநீர் எடுத்துக் கொதிக்கவைத்தார். செங்கல் சிவப்பு. குழாயை என் முகத்துக்கு நேரே பிடித்தார். பிறகு அப்பாவிடம் குனிந்து, வீட்டில் தினமும் என்ன நிறம் வந்தது என்று கேட்டார். அப்பா கண்ணைத் திறந்தார். மேனேஜர் இருந்தார், நர்ஸ் இருந்தாள்.

“நீலந்தாங்க. எம் பொண்ணு பாத்து சொன்னா. அவ கண்ணு தப்பாது டாக்டரு. ஆறு வருஷமா சூளைய அவ கண்ணாலதான் எரிச்சேன்” என்றார்.

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வெளியே வர ஆறு வருஷம் ஆகியிருக்கிறது. மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு நாள் கழித்து அப்பா போய்ச் சேர்ந்தார்.

விளக்கு வெளிச்சத்தில் நிறம் தப்பாகத் தெரிந்திருக்கும் என்று சொல்லிவிடு, கேஸே இல்லாமல் போய்விடும் என்று காலையிலிருந்து எனக்கு வழி காட்டுகிறீர்கள். நல்ல மனசோடுதான் சொல்கிறீர்கள், தெரிகிறது. அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். சாகப்போகிறவர் மூன்று பேர் முன்னால் என் கண்ணைப் பற்றிச் சொன்னதை நானே பொய்யாக்க முடியாது. முதல் நாலு நாள் ஆரஞ்சு. மீதி ஐம்பத்து நாலு நாளும் செங்கல் சிவப்பு. ஒரு நாள்கூட நான் தப்பாகப் பார்க்கவில்லை. அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.